சாவு வீட்டுக் கேலி

கூலிபாலி குலத்தாரும் தராவோரே குலத்தாரும் எதிர்ப்பட்டால் கேலி பேசியே ஆக வேண்டும். ‘என் அடிமை’ என்று வைதாலும் கோபிக்கக் கூடாது, கேட்டால் மறுக்கக் கூடாது. பாட்டன் காலத்து உறவு அது. அதனால்தான் தியெமோகோ தராவோரே இருந்தவரைக்கும் மொலோபாலி கூலிபாலியால் ஒரு நாள்கூட நிம்மதியாகக் களை எடுக்க முடிந்ததில்லை.

“டேய் காராமணி தின்னி! உன் கொல்லைப் பக்கமிருந்து காத்து அடிச்சா எங்க ஆடெல்லாம் மயங்கி விழுதுடா!” என்பான் தியெமோகோ.

“போடா என் அடிமைப் பயலே! வாய்தான் உனக்கு. மம்பட்டி பிடிக்கத் துப்பில்ல.”

அடடா, என்ன காலம் அது! நைஜர் ஆற்றங்கரைக் கம்பங்கொல்லையில் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுத்தான் இருவரும் கூழே குடிப்பார்கள். இப்போது மொலோபாலியின் கொல்லையில் குருவிச் சத்தம் மட்டும்தான்.

ஒரு வருஷம், நாட்டை ஆண்ட பிரெஞ்சுக்காரன் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தான். கடலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் அடித்துக்கொள்வார்களாம், நடுவில் இவர்கள் போய்ச் சாக வேண்டுமாம்! நல்ல நியாயம். ஊர்த்தலைவர் மொலோபாலியைக் கைகாட்டினார். அவன் மனைவி அப்போது நிறைமாத கர்ப்பிணி.

தியெமோகோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

“தலைவரே, இவன் என் அடிமை. எஜமான் நான் இருக்கும்போது இவன் கையில என்ன துப்பாக்கி? இவன அனுப்பினா ஊர் மானம் போயிடும். நான் போறேன்.”

ஊரே சிரித்தது. மொலோபாலி மட்டும் அவன் கையைப் பிடித்தான். “வேணாம்டா, இதுல விளையாடாத.”

“நான் கேட்டா நீ மறுப்பியாடா?”

மறுக்க முடியாது. அதுதான் முறை.

போனவன் போனவன்தான். சண்டை முடிந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரன் சேதி கொண்டுவந்தான்: குளிரில் காய்ச்சல் கண்டு செத்தான், அங்கேயே புதைத்தாயிற்று.

உடம்பில்லாமலே சடங்கு வைத்தார்கள். கேலி உறவுக்காரன் செத்தவனைப் போல நடித்துச் சாவு வீட்டைச் சிரிக்க வைக்க வேண்டும். அதுதான் செத்தவனுக்கு மரியாதை. மொலோபாலி வாசலிலேயே நின்றுவிட்டான். எந்த முகத்தோடு உள்ளே போவது? தன் சாவை வாங்கிக்கொண்டு போனவனையா கேலி செய்வது?

தியெமோகோவின் தாய் நியேபா பாயில் உட்கார்ந்திருந்தாள். சேதி வந்ததிலிருந்து கிழவி அழவில்லை, ஒரு வாய் சாப்பிடவில்லை. அவளைப் பார்த்ததும் மொலோபாலி மனதைக் கல்லாக்கிக்கொண்டான். உள்ளே போய், செத்தவனின் தொப்பியை எடுத்துச் சாய்த்து மாட்டினான். வயிற்றைத் தள்ளி, ஒரு தோளை ஆட்டி, சேவல் மாதிரி முற்றத்தில் நடந்தான்.

“ஆத்தா, கூழ ஊத்து! காட்டு வேலை மொத்தத்தையும் நான் ஒருத்தனே முடிச்சிட்டேன்!”

அதே குரல், அதே புளுகு. கிழவி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே உடைந்து அழுதாள். வீடே சிரித்து அழுதது. மொலோபாலி தொப்பியைக் கழற்றப் போனான்.

“கழட்டாதடா,” என்றாள் நியேபா. “தெருமுனை வரைக்கும் போயிட்டு, என் புள்ள மாதிரியே நடந்து திரும்பி வா. ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேன்.”

மொலோபாலி போனான். தெருமுனையில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோளை ஆட்டியபடி திரும்பி நடந்தான். நியேபா கையில் கூழோடு வாசலில் நின்றிருந்தாள்.