இடதுகைத் துப்பாக்கி

ரப்பர் பூட்ஸ் அடுக்கியிருந்த அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு, வாங்கப்போவதில்லை என்று தெரிந்தே ஒரு ஜோடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள் மொய்ரா. காது மட்டும் கடையின் மறுகோடியில் இருந்தது. அங்கேதான் அவள் புருஷன் லாக்கி துப்பாக்கி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபேர்லி கடைக்கு நானும் வரேன்" என்று காலையில் அவள் சொன்னபோது அவன் முகம் போன போக்கே சரியில்லை. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? அதனால்தான் வந்தாள்.

கடைக்காரர் ஏர்னி நீளமான ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். "மலைக்கு மலை சுடணும்னா இதுதான் மாப்ள. நானூறு, ஐந்நூறு மீட்டருக்குக் கோடு கிழிச்ச மாதிரி போகும். குழல் கொஞ்சம் கனம். ஆனா கை ஆடாது."

"கனம் வேண்டாம்ப்பா. வரையாட்டைத் தேடி பாதி நாள் செங்குத்தா ஏறணும். ஏறினதும் மூச்சு வாங்கிக்கிட்டே சுடணும்."

"அப்ப இந்தா, இது இறகு மாதிரி."

"உதைச்சா தோள்பட்டை கழண்டுடும். அடுத்த குண்டுக்கே கண்ணு தானா மூடிக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு காட்டு."

இதுவரை எல்லாம் லாக்கியின் வழக்கமான பேச்சுதான். கல்யாண நாளன்று சர்ச் வாசலில் நின்றுகூட இதே ரீதியில் குழல், குண்டு என்று பேசிக்கொண்டிருந்தவன். மொய்ரா பூட்ஸைக் கீழே வைக்கப் போனாள். அப்போதுதான் அவன் குரல் தணிந்தது.

"இதுலயே இடதுகைக்காரங்களுக்கு உண்டானது இருக்கா?"

ஏர்னி சிரித்தார். "உனக்கு எப்ப மாப்ள இடதுகைப் பழக்கம் வந்துச்சு?"

"எனக்கில்ல. ஒருத்தருக்கு. தோள்ல வைக்கிற பின்கட்டையை ஒரு விரற்கடை குறைச்சுக் கொடுக்க முடியுமா?"

மொய்ராவின் கையில் பூட்ஸ் அப்படியே நின்றது. வேட்டைக்காரன் பெண்டாட்டிக்குத் துப்பாக்கி தெரியாதா? ஒவ்வொரு குண்டுக்கும் கதவுத் தாழ்ப்பாளைப் போலத் தூக்கிப் பின்னால் இழுத்துத் தள்ள வேண்டிய போல்ட், எல்லாருக்கும் வலப்பக்கம்தான் இருக்கும். இடதுகைக்காரர்களுக்கென்று தனியாகச் செய்தால்தான் இடப்பக்கம். லாக்கிக்கு இடது கை என்றால் ரொட்டியைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். வெண்ணெய் தடவுவதுகூட வலது கைதான்.

இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் இடது தோளில் வைத்துச் சுடுகிற ஆள் ஒருத்திதான். பிப். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரி. புருஷன் ஆஸ்திரேலியாவுக்குப் போனவன் போனவன்தான். ஆள் குள்ளம். பின்கட்டை ஒரு விரற்கடை குறைந்தால் அவளுக்குக் கச்சிதமாக இருக்கும்.

சந்தேகம் நேற்று முளைத்ததல்ல. கோடை முடிந்ததிலிருந்து லாக்கி வேறு ஆளாகிவிட்டான். அடுப்பங்கரை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். சாப்பிடும்போது தட்டைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான், நாயைப் பார்த்தான், அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. இடுப்புவரை இருந்த தலைமுடியைக் காது தெரிய வெட்டிக்கொண்டு அவள் வந்து நின்றபோது, "டீ இருக்கா?" என்று கேட்டான். வண்டிக்குச் சாமான் வாங்கப்போகிறேன் என்று டிமாரு டவுனுக்குப் போய்ப் போய் வெறுங்கையோடு திரும்பினான். பிப் வீட்டு வாசலில் அவன் வண்டி நின்றதை மொய்ராவே தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். நெருப்பில்லாமல் புகையுமா?

மொய்ராவுக்குப் புருஷன் போவதோடு முடியாது, கூரையும் சேர்ந்து போய்விடும். பண்ணை முதலாளி நடத்தும் வேட்டைக்கு வழிகாட்டி லாக்கி. வெளிநாட்டிலிருந்து வருகிற விருந்தாளிகளை மலையேற்றி வரையாடும் செம்மானும் காட்டுவது அவன் வேலை. குடியிருக்கும் வீடு அந்த வேலைக்குக் கொடுத்தது. அவன் இன்னொருத்தியோடு போனால், இந்த வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்?

ஏர்னி பின்கட்டையை அறுத்துக் கொடுத்த துப்பாக்கியை வண்டியில் வைத்துவிட்டு, கடை வாசலில் லாக்கி சாவியை அவளிடம் நீட்டினான். "நீயே ஓட்டு." அதுவும் புதுப் பழக்கம்தான்.

ஊர் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பிறகு கேட்டாள். "யாருக்கு அது?"

"பண்ணைக்கு. விருந்தாளி ஒருத்தர் இடதுகைக்காரராம்."

"அவங்கவங்க துப்பாக்கியோடதானே வருவாங்க?"

"இவர் கொண்டு வரல."

"பேரு?"

லாக்கி ஜன்னல் பக்கம் பார்த்தான். "ஜென்கின்ஸ்."

சாலையோரம் கடந்துபோன ஏதோ பண்ணையின் தபால்பெட்டியில் கொட்டை எழுத்தில் அதே பெயர் எழுதியிருந்ததை மொய்ராவும் படித்துவிட்டாள். பொய் சொல்லக்கூட மெனக்கெட மாட்டேன் என்கிறானே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. கணவாய் ஏற்றத்தில் கியரை மாற்றிய வேகத்தில் வண்டிதான் அலறியது.

"என்ன கோபம் உனக்கு?" என்றான் லாக்கி.

"ஜென்கின்ஸைப் பாக்கணும்போல இருக்கு. வந்தா ஆட்டுக்கறி சமைச்சுப் போடுறேன்" என்றாள்.

அந்த வாரம் முழுக்க மத்தியானமானால், "வேலி பாத்துட்டு வரேன்" என்று துப்பாக்கியோடு கிளம்பினான். வேலி வடக்கே இருக்க, அவன் ஆற்றுப் பக்கம் போனான். அந்தப் பக்கம்தான் பிப் வீடு. சனிக்கிழமை மொய்ரா அடுப்பில் வெந்துகொண்டிருந்த ஸ்கோன் ரொட்டியைக் கருகட்டும் என்று விட்டுவிட்டு, சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். கையும் களவுமாகப் பிடித்தால் என்ன பேசுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டாள். பிப்புக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. அவனுக்கு வைத்திருந்தது கொஞ்சம் நீளம்.

மேட்டுக்கு இந்தப் பக்கம் வரும்போதே வெடிச்சத்தம் கேட்டது. மூச்சிரைக்க ஏறிப் பார்த்தாள்.

ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். காய்ந்த புல்லில் குப்புறப் படுத்துக் கிடந்தான் லாக்கி. காதில் சத்தம் தடுக்கும் அடைப்பான். பக்கத்தில் மலையேறும் கோலும் தூரப்பார்வைக் குழாயும் கிடந்தன. ஓடைக்கு அப்பால் எதிர்ச்சரிவில், தூக்கிப்போட்ட பழைய ஃபிரிட்ஜ் கதவு ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் ஒட்டிய வெள்ளைத் தாளில் சாப்பாட்டுத் தட்டளவு கறுப்பு வட்டம். வரையாட்டின் நெஞ்சு அவ்வளவுதான் இருக்கும்.

புதுத் துப்பாக்கி அவனுடைய இடது தோளில் இருந்தது.

மொய்ரா அவனுக்கு வலப்பக்கமாகக் கிட்டே போனாள். அவன் சுட்டான். சுட்ட கையோடு, பழக்கத்தில் அவன் வலது கை போல்ட்டைத் தேடிப் போனது. அங்கே ஒன்றுமில்லை. வெறும் இரும்பைத் தடவிவிட்டு, "த்தூ" என்று தன்னையே திட்டிக்கொண்டு, இடது கையால் தடுமாறி இழுத்தான். குழந்தை முதன்முதலாகச் சட்டைப் பொத்தான் போடுவதைப் போல இருந்தது. தலையைத் தூக்கி, வலப்பக்கம் கிடந்த தூரப்பார்வைக் குழாயைத் தேடித் துழாவினான். அவன் முகம் அவள் இருந்த பக்கம் பாதி திரும்பியும், அத்தனை சிவப்பாக அவள் நின்றும், அவன் அவளைப் பார்க்கவில்லை.

கையை ஆட்டினாள். பார்க்கவில்லை. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

மனப்பாடம் செய்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோனது. மெதுவாக அவனைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள். அவன் துள்ளி எழுந்து, குண்டு பாயாமலிருக்க அவசரமாகப் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, அடைப்பானைக் கழற்றினான். "ஏய்! எப்ப வந்தே?"

"எந்தக் கண்ணு?"

லாக்கி புல்லைப் பிடுங்கினான். அப்புறம் சொன்னான். "வலது. உள்ள ரத்தக்குழாய் அடைச்சுக்கிச்சாம். ஒரு நாள் எந்திரிச்சுப் பாத்தா இருட்டு. டிமாருல டாக்டர் இனிமே பார்வை வராதுன்னுட்டார்."

"ஜென்கின்ஸ் நீதானா?"

"நான்தான்."

"பின்கட்டை எதுக்குக் குறைச்சே?"

"குளிருக்குத் தடிச்ச கோட்டைப் போட்டா இடது தோள்ல சரியா உக்கார மாட்டேங்குது. நீ அதையும் கேட்டியா?"

"பிப்புக்குத் தெரியுமா?"

"தெரியும். முதல்ல அவ துப்பாக்கியை வாங்கித்தான் சுட்டுப் பாத்தேன்."

மொய்ரா இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். சந்தேகப்பட்டது பொய்யாகிவிட்டதே என்று சந்தோஷப்படக்கூட விடமாட்டேன் என்கிறானே இந்த மனுஷன்! "அவகிட்ட சொன்னே. எங்கிட்ட சொல்லல."

"அவ என்னைப் பாதி ஆளுன்னு நெனச்சா எனக்கென்ன போச்சு?" என்றான் லாக்கி. குரல் உடைந்திருந்தது. "நீ நெனச்சா?"

அவளுக்குக் கோபம் ஆறவில்லை. "தலைமுடி பூராவும் வெட்டிட்டு வந்து நிக்கிறேன், டீ கேக்குறே!"

"பாத்தேன்டி. காது தெரியுது. நல்லாதான் இருக்கு. சொல்லணும்னா உன்னை நேரா பாக்கணும். பாத்தா நீ கண்டுபிடிச்சிடுவே."

அவள் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இரண்டு கண்ணும் அதே சாம்பல் நிறம்தான். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, மறுகை விரலை அவன் முன்னால் அசைத்தாள். திறந்திருந்த கண் விரலின் பின்னால் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அவனும் அழுதானா என்று அவள் பார்க்கவில்லை.

"விருந்தாளி சுட்டு ஆடு அடிபட்டு ஓடினா, அதை ஒரே குண்டுல முடிக்கிறது என் பொறுப்பு" என்றான் லாக்கி. "அந்த வட்டத்துல தொடர்ந்து போட முடிஞ்சா வேலையில இருப்பேன். இல்லேன்னா நானே போய் முதலாளிகிட்ட சொல்லிடுவேன். துடிக்கத் துடிக்க விட்டுட்டு வரமாட்டேன்."

"வீடு?"

"அதை நெனச்சுத்தான் வாயைத் திறக்கல."

மொய்ரா மூக்கைத் துடைத்துக்கொண்டு தூரப்பார்வைக் குழாயை எடுத்தாள். "சரி, படு. ஒத்தக் கண்ணை வெச்சுக்கிட்டு நீயே சுட்டு நீயே பாத்தா விளங்கினாப்பலதான். நான் பாக்குறேன்." அவன் கண்ணில் படும்படி இடப்பக்கமாக உட்கார்ந்தாள்.

அவன் சுட்டான். போல்ட்டை இழுத்தான். இடதுகைத் துப்பாக்கி காலித் தோட்டாக் கூட்டை இடப்பக்கம்தானே எறியும்? சுடச்சுடப் பறந்து வந்து நேராக அவள் காலருக்குள் விழுந்தது.

"ஐயோ பாவி!" குதித்து எழுந்து கோட்டை உதறினாள்.

லாக்கி புல்லில் முகத்தைப் புதைத்துச் சிரித்தான். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! "வலப்பக்கம் போய் உக்காரு."

"அங்க உக்காந்தா உனக்கு என்னைத் தெரியாதே."

"தெரியாது" என்றான். "நீ அங்க இருக்கேன்னு தெரிஞ்சா போதும்."

கோடையிலிருந்து அவனைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் மொய்ரா. எழுந்து வலப்பக்கம் போனாள். அவன் விலாவில் தன் முழங்கால் படும்படி நெருங்கி உட்கார்ந்து, குழாய்க்குள் கண்ணை வைத்தாள்.

அவன் மறுபடி சுட்டான். "பட்டுச்சா?"

பட்டது என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை! வீடு, அடுப்பங்கரை, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற மலை எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தன.

"படல. வட்டத்துக்குக் கீழே கையகலம்."

"நிஜமாவா? என்னை வீட்டோட உக்கார வைக்கப் பொய் சொல்லலயே?"

"பொய் சொல்றது உன் வேலை" என்றாள் மொய்ரா. "அடுத்ததைப் போடு."

இந்தத் தடவை அவன் இடது கை போல்ட்டுக்கு நேராகப் போனது.