பூங்கொடியின் எடையில் ஓர் ஆப்பிள்

எங்கள் வீதியில் ஒருவர் சாப்பிடுவது அவருக்கு இடப்பக்கத்து வீட்டுக்காரர் உடம்பில் ஏறும். ருசியும் வயிறு நிறைவதும் சாப்பிட்டவருக்கு. எடை மட்டும் அடுத்த வீட்டுக்கு. அந்த வீட்டில் நாலைந்து பேர் இருந்தால், மின்சார இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் உடம்பில் ஏறும். மூணாறுக்குப் போய்ச் சாப்பிட்டாலும் அப்படித்தான். உடுமலையில் மற்ற வீதிகளில் எப்படி என்று நான் விசாரித்ததில்லை. அது அவரவர் வீட்டு விஷயம்.

மொத்தம் ஒன்பது வீடுகள், ஒரே வரிசை. முதல் வீட்டுக்காரருக்கு வலப்பக்கம் யாரும் இல்லை. அதனால் காற்று பலமாக அடித்தால் அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசி வீட்டுக்கு இடப்பக்கம் வீடு கிடையாது, ஒரு வேப்பமரம்தான் இருக்கிறது. நன்றாகப் பெருத்திருக்கிறது.

கனமாக ஏதாவது சமைப்பதாக இருந்தால் முதல் நாளே இடப்பக்கத்து வீட்டு கேட்டில் நின்று சொல்லிவிட வேண்டும். “நாளைக்குக் கறி எடுக்கறமுங்க” என்றால், “சந்தோஷமாச் சாப்பிடுங்க” என்பார்கள். சில சமயம், “அடுத்த வாரம் வெச்சுக்கலாமுங்களா, கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கேன்” என்பார்கள். இதில் யாருக்கும் மனக்கசப்பு வந்ததில்லை.

என் பெயர் நாச்சிமுத்து. ஆறாவது வீடு. என் மனைவி ருக்குமணி. எங்களுக்கு வலப்பக்கம் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் அந்தோணிராஜ் சார். அவர் சாப்பிடுவது எனக்கு வரும். இடப்பக்கம் பூங்கொடி. இருபத்தாறு வயது. அவளுடைய அப்பா காலமான பிறகு மின்சார இணைப்பை அவள் பெயருக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து நானும் ருக்குமணியும் சாப்பிடுவதெல்லாம் அவளுக்குத்தான் போகிறது.

பூங்கொடி கபடி ஆடுகிறவள். பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டியில் ஆட எழுபத்தைந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். போன வருஷம் இருநூறு கிராம் கூடிப்போய், ஆடாமலே திரும்பி வந்தாள். அது என்னால் வந்தது. முதல் நாள் நான் ஐந்து சோமாசி தின்றிருந்தேன். உள்ளே பாதி காற்றுதானே என்று நினைத்துக்கொண்டு கேட்டில் போய்ச் சொல்லவும் இல்லை. பையைத் தோளில் மாட்டியபடி அவள் அன்று சாயங்காலமே திரும்பி வந்தாள். என்னைப் பார்த்ததும், “சாப்டீங்களாங்ணா?” என்று எப்போதும்போலக் கேட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். இன்று வரை அவள் திட்டவில்லை.

இந்த வருஷம் திண்டுக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எடை பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. அதற்கு முதல் நாள் சனிக்கிழமை ருக்குமணிக்கு ஐம்பதாவது பிறந்தநாள். பட்டாளத்தில் இருக்கும் அவளுடைய தம்பி சிம்லா பக்கத்திலிருந்து ஒரு பெட்டி ஆப்பிள் அனுப்பியிருந்தான். புடவை வேண்டாம், கோயில் வேண்டாம், ஓவனில் சுட்ட ஆப்பிள் ஒன்று வேண்டும் என்று சொல்லிவிட்டாள் ருக்குமணி. அதன் மேலே மொறுமொறுவென்று வெண்ணெயும் மாவும் சர்க்கரையும் உதிர்ந்து கிடக்க வேண்டும். ஃபோனில் பார்த்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் அவள் வாய் திறந்து கேட்ட மூன்றாவது பொருள் அது.

வியாழக்கிழமை நான் பூங்கொடி வீட்டு கேட்டில் போய் நின்றேன்.

“அக்கா பொறந்தநாளுக்குச் செய்யாம இருப்பாங்களா? செய்யுங்ணா” என்றாள். “எழுபத்திநாலரை இருக்கேன். கோச் ரெண்டு நாளைக்கு ஓடக் கூடாதுன்னுட்டாங்க. அதனால எறக்க முடியாது. அரைக் கிலோவுக்குள்ள பாத்துக்குங்க, போதும்.”

ஞாயிறு வரைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் கஞ்சிக்கு முந்நூறு கிராம் வேண்டும். பாக்கி இருநூறு.

அவளே எடை பார்க்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு எங்கள் சமையலறைக்கு வந்துவிட்டாள். சிலிண்டருக்குப் பக்கத்தில் அதை வைத்து மேலே ஏறி நின்றாள். நான் ஃபோனில் சொன்னபடியே முதல் தட்டைச் செய்தேன். வெண்ணெய், மைதா, சர்க்கரை, மேலே கிரீம். ஓவனிலிருந்து எடுத்ததும் ஒரு ஸ்பூன் வாயில் போட்டேன். நன்றாக இருந்தது. மிகவும் நன்றாக இருந்தது.

“அறுபது கிராமுங்ணா” என்றாள் பூங்கொடி.

ஸ்பூனைக் கழுவித் தொட்டியில் போட்டேன். இருநூறில் அறுபது ஒரு வாயில் போய்விட்டது. இனி நான் ருசி பார்த்துப் பார்த்துக் குறைத்தால், குறைத்து முடிக்கும்போது பூங்கொடி எண்பது கிலோவைத் தொட்டுவிடுவாள்.

அப்போதுதான் எனக்கு அந்தோணிராஜ் சார் நினைவு வந்தது. அவர் ருசி பார்த்தால் என் உடம்பில்தானே ஏறும்? என்னை யாரும் மாநில அணிக்கு எடுக்கப் போவதில்லை. போய்ச் சொன்னதும் மனிதர் சட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மெஷினில் நான் ஏறி நின்றேன். மேஜை முன்னால் அவர் துண்டை மடியில் விரித்து உட்கார்ந்தார். ருக்குமணி அளவைக் குறித்துக்கொண்டாள்.

இரண்டாவது தட்டில் வெண்ணெயை ஒரே ஸ்பூனாக்கி, மைதாவுக்குப் பதில் ஓட்ஸ் போட்டேன்.

“இத ஆஸ்பத்திரியில நோயாளியப் பாக்க வெறுங்கையோட வர்றவங்களுக்குக் குடுப்பாங்க நாச்சிமுத்து” என்றார் அந்தோணிராஜ் சார். ஆனாலும் முழுவதையும் தின்றார்.

மூன்றாவதில் சர்க்கரையை எடுத்துவிட்டுப் பேரீச்சம்பழத்தை நறுக்கி, ஆப்பிளின் நடுவே குடைந்த குழியில் திணித்தேன். “பரவால்ல” என்றார். நான்காவதில் தோலைச் சீவாமல் விட்டேன். பழம் குழையாமல் நின்றது. ஐந்தாவது கருகிவிட்டது. அதையும் அவர் விடவில்லை. ஆறாவதற்குள் எனக்கே பிடி கிடைத்துவிட்டது. ஓட்ஸை முதலில் வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுக்க வேண்டும். பட்டைப்பொடியைக் கஞ்சத்தனம் பார்க்காமல் போட வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் இனிப்பு தானாக எழுந்து நிற்கும். தட்டில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு நாற்பது நிமிஷம். கிரீமுக்குப் பதில், துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர்.

ஏழாவது தட்டு அந்தோணிராஜ் சார் முன்னால் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தின்றார். கிண்ணத்தை வழித்தார். பிறகு, “எங்க வீட்டம்மா ரீட்டா உசுரோட இருந்திருந்தா இத உன்கிட்டக் கேட்டு எழுதிக்கிட்டிருப்பா” என்றார்.

“எவ்வளவுங்க?” என்றாள் ருக்குமணி.

குனிந்து பார்த்தேன். ஒரு முழு ஆப்பிளுக்கு எழுபது கிராம்.

வெள்ளிக்கிழமை இரவுக்குள் எனக்கு இரண்டு கிலோ ஏறியிருந்தது. வேட்டி இடுப்பில் நிற்காமல் மேலே பெல்ட் போட்டேன். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. சோமாசிக்கு ஏதோ பதில் செய்கிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு ஆப்பிள்கள் சுட்டேன். எனக்கும் பூங்கொடிக்கும் கணக்கு தெரியும். பாக்கியிருந்தது நூற்று நாற்பது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று தின்றால் சரியாக எழுபத்தைந்து கிலோ. ஒரு கிராம் கூடாது, குறையாது.

ருக்குமணி முதல் வாயை எடுத்தாள். மெல்ல மென்றாள். அப்புறம், “இப்பிடித்தாங்க நெனைச்சேன்” என்றாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மெஷின்மேல் நின்ற பூங்கொடியும் அவள் முகத்தைத்தான் பார்த்தாள், எண்ணைப் பார்க்கவில்லை.

“நீங்க எடுக்கலீங்களா?” என்றாள் ருக்குமணி.

“எனக்கு வயிறு சரியில்ல. இனிப்பும் இப்பெல்லாம் அவ்வளவாப் பிடிக்கறதில்ல.”

சமையலறையில் இதை நம்ப ஆள் இல்லை. “ஏறட்டும்ங்ணா, சாப்டுங்க. சரியா எழுபத்தஞ்சு நிக்கும், விட்டுருவாங்க” என்றாள் பூங்கொடி. நான் அசையவில்லை. ஊருக்கு ஊர் தராசு ஒன்றாகவா இருக்கும்? ருக்குமணி எழுந்தாள். “பொய் சொல்றதுக்கும் ஒரு மூஞ்சி வேணுமுங்க” என்று சொல்லி, தட்டிலிருந்த என் ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். மதிலோரம் நின்ற பால்காரரின் மாட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பாதி பாசம், பாதி ஆப்பிள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்குப் பூங்கொடி ஃபோன் செய்தாள். “எழுபத்திநாலு தொள்ளாயிரத்து அறுபதுங்ணா! உள்ள விட்டுட்டாங்க!” எங்கள் மெஷினைவிட அந்த ஊர் மெஷின் முப்பது கிராம் கூடக் காட்டியிருக்கிறது. அந்த ஆப்பிளை நான் தின்றிருந்தால் முப்பது கிராமில் அவள் மறுபடியும் பையை மாட்டிக்கொண்டு வந்திருப்பாள்.

“இப்ப அவளுக்கு எடை பாத்தாச்சல்லங்க?” என்றாள் ருக்குமணி. “அப்ப சாயங்காலம் அவ வர்றதுக்கு ஃபோன்ல பாத்தபடியே ஒண்ணு செய்யலாம். வெண்ணெய் போட்டு.”

பூங்கொடியிடம் ஃபோனிலேயே கேட்டுக்கொண்டோம். ஆறு ஆப்பிள், கால் கிலோ வெண்ணெய், தாராளமாகப் பட்டைப்பொடி, சர்க்கரையைக் குறைக்கவில்லை. தட்டை வெளியே எடுத்து வைத்தபோது மணி நாலு. அந்த நேரம் அவளுடைய கோச் தேவநாயகியிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

“அண்ணா, ஃபைனல் ஓடிட்டிருக்குது. ஆறு நிமிஷந்தான் பாக்கி, ரெண்டு பாயின்ட் பின்னால இருக்கோம். எதிர் டீம்ல ஒருத்தி பாடி வர்றா, நம்ம பூங்கொடி அவ காலைப் பிடிச்சாலும் இவளையும் சேத்து இழுத்துட்டே கோட்டுக்குப் போயிர்றா. கனமா ஏதாச்சும் இருந்தாச் சாப்டுங்க. இப்பவே!”

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு நான் ஆரம்பித்தேன். நாக்கு வெந்தது. மூன்று நாளாகச் சுட்டுச் சுட்டு மணத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். முதல் ஆப்பிள் போன இடம் தெரியவில்லை. இரண்டாவதை நின்றுகொண்டே தின்றேன்.

“கொஞ்சம் ஊனி நிக்கறா. பத்தலைங்ணா!”

மூன்றாவது பாதியில் என் வயிறு நின்றுவிட்டது. எடைதான் அடுத்த வீட்டுக்குப் போகும், வயிறு என்னுடையதுதானே. மூச்சு வாங்கிக்கொண்டு ருக்குமணியைப் பார்த்தேன். அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கிரீம் கிண்ணத்தை அதன் மேலேயே கவிழ்த்தாள். நாற்காலியைச் சரியாகப் போட்டு உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் சாப்பிட ஆரம்பித்தாள்.

“வர்றா... பாடி வர்றா... பிடிச்சுட்டா!” என்றது ஃபோன். “இழுக்கறா... பூங்கொடி நகரல... அண்ணா, நகரவே இல்ல! கல்லாட்டம் உக்காந்துட்டா! இன்னுங் கொஞ்சம்!”

ருக்குமணி ஐந்தாவது ஆப்பிளின் அடியில் ஒட்டியிருந்த முறுகலைச் சுரண்டி வாயில் போட்டாள். திண்டுக்கல்லில் கூட்டம் போட்ட கூச்சல் எங்கள் மேஜையை அதிரவைத்தது. அந்த ஆளைப் பிடித்ததற்குப் பிறகு பூங்கொடி இன்னும் இரண்டு பேரைப் பிடித்தாள். ஒரு பாயின்ட்டில் ஜெயித்தார்கள். ருக்குமணி ஸ்பூனை நக்கிக் கீழே வைத்தாள்.

ஏழு மணிக்குப் பூங்கொடி கோப்பையோடு வந்தாள். கேட்டின் இரண்டு பக்கத்தையும் திறந்துவிட்டோம். மாநில அணியில் அவள் பெயர் வந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “போன வருசத்த மறந்துருங்ணா” என்றாள். ஆக, அவளுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது. மீதியிருந்த ஒன்றரை ஆப்பிளை அவளுக்குக் கொடுத்தேன்.

சாப்பிட்டுக்கொண்டே பையிலிருந்து அணியின் பனியன் ஒன்றை எடுத்தாள்.

“அக்கா, இது உங்களுக்கு. அந்தப் பாடி வந்த பொண்ணு நடுவர்கிட்டப் போய்ச் சொல்லிட்டா. கை பூங்கொடிதுதான், ஆனா என்னைப் புடிச்சு நிறுத்துன கனம் வேற ஆளு, பட்டை வாசம் வந்துச்சுன்னு. அவங்க விசாரிச்சு உங்க பேரையும் அணியில எழுதிட்டாங்க. புதன்கிழமை முகாமு.”

ருக்குமணி பனியனைப் புடவைக்கு மேலேயே போட்டுப் பார்த்தாள். தோளில் சரியாக இருந்தது. “எத்தன மணிக்குப் பஸ்ஸு?” என்று கேட்டுக்கொண்டாள். பிறகு மூச்சை இழுத்து, கபடி, கபடி என்று பாடிக்கொண்டே வாசலைத் தாண்டி வீதியில் இறங்கினாள். வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கிக்கொண்டு பின்வாங்கினார்கள். அந்தோணிராஜ் சாரால் சட்டென்று எழுந்திருக்க முடியவில்லை. ருக்குமணி அவர் தோளைத் தொட்டாள். கடைசி வீடு வரை போய், இன்னும் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, மூச்சு விடாமல் திரும்பி வந்தாள். வழியில் என்னையும் தொட்டாள்.

தொடப்பட்ட மூவரும் ஏற்கெனவே வீதியோரமாகப் போய் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் போய் நாலாவதாக உட்கார்ந்தேன்.