தோர்டிஸின் குட்டி பேட்டரி

கடை நடுவே டிரில்லைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் தோர்டிஸ். ஒவ்வொரு பேட்டரியாக மாட்டித் தூக்கிப் பார்த்தாள். கடைக்காரர் இருப்பதிலேயே பெரியதை நீட்டினார்.

"இது நாள் முழுக்கத் தாங்கும்."

"என் தோள் தாங்கணுமே!"

கடைசியில், உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி பேட்டரிகள் இரண்டை வாங்கினாள்.

லூலியோ நகரில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறைக்கு சீலிங் பலகை அடிக்கும் தச்சு வேலை அவளுக்கு. அண்ணாந்து நின்று ஸ்க்ரூ முடுக்கி முடுக்கி வலது தோள் மக்கர் செய்தது. இன்னொரு முறை தோளுக்காக லீவு போட்டால் கிடங்கு கவுண்டரில் உட்கார வைப்பதாக மேஸ்திரி ஹோல்கர் சொல்லிவிட்டார். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் சீலிங் வேலை என்றால் உயிரை விடுகிறவளுக்குக் கவுண்டர் ஜெயில் மாதிரி.

"பொம்மைக் கார்லேருந்து கழட்டினியா?" என்று வேலையிடத்தில் பேட்டரியைப் பார்த்துச் சிரித்தான் கூட்டாளி சிக்ஸ்டன்.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பத்து மணிக்கு எல்லோரும் ஃபீக்காவுக்கு, காப்பியும் ஏலக்காய் பன்னும் சாப்பிட, கீழே இறங்கினார்கள். இவள் மட்டும் இறங்கவில்லை. சார்ஜரோ கீழே காப்பி மேசையில் இருந்தது. ஒரு பேட்டரி தீர்ந்தது, மாற்றினாள், அதுவும் தீர்ந்தது. பாதி முடுக்கிய பலகையைத் தலையால் முட்டுக்கொடுத்தபடி, "யாராச்சும் வாங்கப்பா!" என்று அலறினாள்.

வாயில் பன்னோடு ஓடிவந்து சிக்ஸ்டன் பலகையைத் தாங்கினான். ஹோல்கர் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஃபீக்காவுக்கு வராம வேலை பாத்தியா? உனக்கென்ன பைத்தியமா?"

அந்த ஊரில் எந்தத் தப்பையும் மன்னிப்பார்கள், இதை மாட்டார்கள். மறுநாளிலிருந்து, ஃபீக்காவோ இல்லையோ, பேட்டரிகள் தீரும்போதெல்லாம் சார்ஜரில் செருகிவிட்டு அவளும் உட்கார்ந்தாள். ஒரு காப்பி முடிவதற்குள் பேட்டரி நிறைந்தது, தோளும் இளைப்பாறியது. முன்பு மாட்டியிருந்த, நாள் முழுக்கத் தாங்கும் பெரிய பேட்டரிதான் இத்தனை நாளும் அவளை ஓய விடாமல் அடித்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பலகையும் ஏறியது. ஹோல்கர் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"கிடங்குக்கு ஆள் போட்டாச்சு."

தோர்டிஸ் டிரில்லைக் கீழே வைத்துவிட்டாள்.

"வேற ஆளைத்தான். நீ திங்கக்கிழமை பள்ளிக்கூட ஜிம்முக்கு வேலைக்கு வா. அங்க சீலிங் இன்னும் உயரம்."

அவள் இரண்டு கைகளையும் தூக்கி 'ஓ'வென்று கத்தினாள். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது, வலது கையும் மேலே போயிருக்கிறது, வலிக்கவே இல்லை.