உள்ளான் மேய்ந்த வயல்

விடிந்ததிலிருந்து வைரக்கண்ணு தகர டின்னைத் தட்டிக்கொண்டிருந்தான். நடவுக்குச் சேறடித்துத் தண்ணீர் கட்டியிருந்த வயலிலிருந்து கைப்பிடி அளவு உள்ளான் குருவிகள் கூட்டமாக எழும்பும். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அதே சேற்றில் வந்து இறங்கும். அவனுக்குக் கை கடுத்தது.

கோபம் குருவி மேல் இல்லை. கழுத்தில் தூரக்கண்ணாடி மாட்டிய வெளியூர் ஆள் ஒருவர் சில நாளாக வரப்பிலேயே குந்தியிருந்தார். நில உச்சவரம்புச் சட்டம் வந்து மிராசுதார்களுக்குத் தூக்கம் போயிருந்த காலம் அது.

"குருவி பாக்க வந்தேங்கறான், நம்பாதே. சர்க்கார் ஆளுடா. நிலத்த அளந்துட்டுப் போனான்னா உன் குடிசையும் சேந்து போயிரும். குருவிய வெரட்டு, அவனும் போயிருவான்" என்று பண்ணையார் துரைராசு சொல்லியிருந்தார். இருப்பதே அந்த ஒரு குடிசை. அந்த ஆள் தும்மினால்கூட வைரக்கண்ணுவுக்குச் சந்தேகமாக இருந்தது.

அவரே எழுந்து வந்தார். "கொஞ்சம் மேய விடுப்பா. இமயமலைக்கும் அந்தப் பக்கம், ரஷ்யாவுலேருந்து பறந்து வந்திருக்கு. தின்னாத்தான் பொழைக்கும்."

"என் காதுல பூ சுத்தாதீங்க சார்" என்று இன்னும் பலமாகத் தட்டினான்.

ஒரு உள்ளான் மட்டும் எழும்ப முடியாமல் சேற்றிலேயே கிடந்தது. இறங்கிப் போய் எடுத்தான். இறகுக்குள் சதையே இல்லை. நெஞ்செலும்பு கத்தி விளிம்பு போல விரலில் இடித்தது. ஊரில் மேய்கிற எந்தக் குருவியும் இப்படி வற்றிப்போய் அவன் கண்டதில்லை. அந்த ஆள் சொன்னது பொய்யில்லை என்று பட்டது. மெதுவாகக் கீழே விட்டான். அது தள்ளாடி நின்று சேற்றைக் குத்தத் தொடங்கியது. அப்படியானால் பண்ணையாருக்கு ஏன் இவ்வளவு பயம்?

சத்தம் நின்றதும் துரைராசு அரக்கப் பரக்க ஓடிவந்தார். "ஏண்டா நிறுத்தின?"

"இவரு நெசமாவே குருவி பாக்கத்தாங்க வந்திருக்காரு."

"உனக்கென்னடா தெரியும்! இவனுக்குப் பின்னாடியே ஆபீசர் வருவான். இது உன் நிலம்னு நீதான்டா அவன்கிட்ட..." முடிப்பதற்குள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

வைரக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. ரேஷன் கார்டுக்கு என்று சொல்லிப் போன வருஷம் பண்ணையார் தன்னிடம் கைநாட்டு வாங்கியது நினைவுக்கு வந்தது. வரம்புக்கு மேலான நிலத்தை வேலையாட்கள் பேரில் எழுதிவைக்கிற வித்தையை அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டிருந்தான். தன்னையே அதில் சிக்கவைத்திருப்பார் என்று நினைக்கவில்லை.

டின்னைப் பண்ணையார் காலடியில் வைத்தான்.

"என் பேர்ல இருக்கற வயல்ல எது மேயணும்னு நான் சொல்றேங்க. மேயட்டும். இன்னிக்கு ஒன்னு தெரிஞ்சுகிட்டேன். இன்னாரச் சந்தேகப்படுன்னு நமக்குச் சொல்லிக்குடுக்கறாங்க பாருங்க, மொத சந்தேகம் அவங்க மேலதாங்க வரணும்."