ஒரே வீட்டு ரத்தம்

டார்ச்சை அணைத்த கையோடு கலைச்செல்வி கேட்டது ஒரே கேள்விதான்.

"அன்னிக்கு உன் பேர்ல ரத்தம் குடுத்தது யாரு?"

ஆதவன் வாசற்படியில் நின்று தலையைச் சொறிந்தான். அவன் மனைவி நிலா, கலைச்செல்வியின் தங்கை, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு எழுபத்து நான்கு நாள். வெளிச்சம் பட்டபோது இரண்டு கண்ணிலும் நடுவில் கறுப்பாக இருக்கவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

"உன்னத்தான் கேக்கறன். வாயில இன்னா வெச்சிருக்க?"

"பாவாடை குடுத்தான் அண்ணி," என்றான். பாவாடை அவன் தம்பி. "நான் அன்னிக்கு நெல்லு மூட்டை ஏத்திக்கினு விக்கறதுக்குக் கமிட்டிக்குப் பூட்டேன். நீங்க சென்னையிலேர்ந்து அவ்ளோ தூரம் வந்து சும்மா திரும்பிப் போவக்கூடாதேன்னு அவன ஒக்கார வெச்சேன். ரேஷன்ல வூட்ல யாரு கைரேகை வெச்சாலும் அரிசி போடறாங்க. அது மாதிரின்னு நெனச்சிட்டேன். ஒரே வூட்டு ரத்தம்தானே?"

"அடப்பாவி! ரேஷன் அரிசியாடா அது?"

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரத்தில் அவர்கள் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவர் இருவர் கண்ணில் வெள்ளையோடு பிறந்தார்கள். கலைச்செல்வியின் அண்ணன் தேவேந்திரன் அப்படிப் பிறந்தவன்தான். ஏழு வயதில் ஆபரேஷன் செய்தும் இன்றைக்கும் சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் நடக்கிறான். சாமி குத்தம் என்று ஊர் சொன்னதைக் கேட்டு வளர்ந்த ஆத்திரத்தில்தான் அவள் படித்தாள், மூலக்கூறு உயிரியல் என்று ஊரில் யாருக்கும் வாயில் நுழையாத ஒன்றை. பதினோரு வருஷமாகக் கண்வில்லையின் புரதங்களைத் தவிர வேறு நினைப்பே கிடையாது அவளுக்கு.

வில்லையின் நடுவில் இருக்கும் புரதம் தாயின் வயிற்றிலேயே உருவாகிவிடும். செத்துப்போகிற வரைக்கும் அதுவேதான், மாற்றுப் புரதம் வராது. ஒழுங்காக அடுக்கியிருக்கிற வரை ஒளி உள்ளே போகும். மரபணுவில் ஒரே ஒரு எழுத்து பிசகினால் போதும், வெந்த முட்டை மாதிரி வெளுத்துவிடும். தன் வீட்டு எழுத்து எங்கே பிசகியிருக்கிறது என்பதை அவளே கண்டுபிடித்தாள். அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பிசகு வந்தால்தான் பிள்ளைக்குக் கண் கெடும், ஒருவரிடம் மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது.

அதனால்தான் நிலா, அத்தை மகன் ஆதவனைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றபோது, முதலில் இரண்டு பேரும் ரத்தம் கொடுங்கள் என்றாள் கலைச்செல்வி. நிலாவிடம் பிசகு இருந்தது. ஆதவன் பெயர் ஒட்டிய குழாயில் இல்லை. தாராளமாகக் கல்யாணம் செய்யுங்கள் என்று சொன்னதும் அவள்தான்.

"சொல்லியிருக்கலாம் இல்ல? ஒரு வார்த்தை! வேற ஆளு குடுத்தான்னு ஒரு போன் போட்டிருக்கலாம் இல்ல? உன் பொண்ணு கண்ண நீயே கெடுத்துட்டியேடா!"

தெருவே கேட்கும்படி கத்தினாள். அவன் அத்தனையையும் வாங்கிக்கொண்டு நின்றான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கொஞ்சம் எதிர்த்துப் பேசித் தொலைக்கக் கூடாதா?

நிலாதான் எழுந்தாள்.

"போதும்க்கா. ஆஸ்பத்திரிக்குக் கௌம்பு."

ஆதவனின் லோடு வண்டியிலேயே பாண்டிச்சேரிக்குப் போனார்கள். முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். திண்டிவனம் தாண்டுவதற்குள் கலைச்செல்வியின் கோபம் போக வேறு இடம் இல்லாமல் அவளிடமே திரும்பி வந்தது.

குழந்தை பிறந்த பத்தொன்பதாம் நாள் நிலா போனில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். கண்ணில் வெள்ளையாக என்னவோ தெரிகிறது, வந்து பாரேன் என்று கேட்டாள். கலைச்செல்வி லேபில் நின்றபடியே சொன்னாள்: "பிளாஷ் வெளிச்சம்டி அது. ரிப்போர்ட் நான்தானே பாத்தேன்? ஒனக்குப் பொறக்கற புள்ளைக்கு அது வரவே வராது. சும்மா டென்ஷன் ஆவாத."

ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி போட வந்த நர்ஸ் மணிமொழி கண்ணைக் காட்டச் சொன்னபோதும், எங்க அக்கா பார்த்துட்டாங்க, அவங்க விஞ்ஞானி என்று நிலா பெருமையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அடுத்த ஊசிக்குப் போனபோது மணிமொழி விடவில்லை. கலைச்செல்வியின் நம்பரை வாங்கி அவளே போன் செய்தாள். "மேடம், நீங்க புள்ளைய நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

இரண்டு கண்ணிலும் இப்படிப் புரை இருந்தால் பத்து வாரத்துக்குள் வெளுத்த வில்லையை எடுத்துவிட வேண்டும். ஒளி போகாத கண்ணை மூளை கைவிட்டுவிடும், அப்புறம் எடுத்தும் முழுப் பார்வை வராது. அதைப் பற்றி மேடை மேடையாகப் பேசியவள் அவள். தன் ரிப்போர்ட்டில் இல்லை என்பதற்காகத் தங்கையின் கண் கண்டதை இல்லை என்றாளே! செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையைப் பரிசோதித்துவிட்டு நிமிர்ந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"நாளைக்குக் காலையில ஒரு கண்ணு, அடுத்த வாரம் இன்னொண்ணு. பார்வை எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது. ஏம்மா, இவ்ளோ வெள்ளையா தெரியுது, ரெண்டரை மாசமா என்ன பண்ணிட்டிருந்த? உங்க வீட்டுல படிச்சவங்க யாருமே இல்லையா?"

நிலா தலையைக் குனிந்துகொண்டாள். "கவனிக்காம உட்டுட்டேன் டாக்டர்," என்றாள்.

கலைச்செல்வி அவளைத் திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்கிறாள், எனக்காகப் பொய் சொல்கிறாள்! யாரைக் கேட்டு இவளை இப்படித் திட்டுகிறார் இந்த அம்மா?

"அவள ஏன் திட்றீங்க?" என்று கத்தியேவிட்டாள். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "அவ கவனிச்சா. பத்தொன்பதாம் நாளே கவனிச்சா. படிச்சவ ஒருத்தி இருக்கான்னு நம்பி என்கிட்ட கேட்டா. இந்தக் கண்ணப் பத்தித்தான் நான் பதினோரு வருஷமா ஆராய்ச்சி பண்றேன். ஒண்ணுமில்லன்னு சொன்னது நான். அப்படியே எழுதுங்க. தாய் கவனிக்கலன்னு எழுதாதீங்க!"

டாக்டரம்மா பேனாவை மூடாமல் அவளையே பார்த்தார். ஆதவன் சுவரோரமாக நகர்ந்து நின்றான். குழந்தை சிணுங்கியது. அதைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே நிலா அக்காவின் பக்கம் திரும்பினாள். வீட்டிலும் வண்டியிலும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் அவள் முகத்தில் ஏறியது.

"சென்னையிலேர்ந்து செஞ்சிக்கு மூணு மணி நேர பஸ்ஸுக்கா," என்றாள். "ஒரு தடவ வந்து இவ மூஞ்சியப் பாத்துட்டுப் போயிருக்கலாம் இல்ல?"