தாய்மாமன் இடுப்பு

சங்கரபாண்டியனின் முதுகெலும்பைப் பார்க்காதவர்கள் ஆனைக்குட்டத்தில் ரொம்பக் குறைவு. வீட்டுக்கு யார் வந்தாலும், குடிக்கத் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஸ்கேன் படம் வந்துவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்து, "இது எல் நாலு. இது எல் அஞ்சு. நடுவுல தேஞ்சு போச்சு, பாத்தீகளா" என்று விரலை வைத்துக் காட்டுவார். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர்கூடத் தப்பவில்லை. தெருவில் எதிர்ப்படுகிற பயல்கள் "மாமா, எல் அஞ்சு சௌக்கியமா?" என்று விசாரிக்கிற அளவுக்கு அந்த எலும்பு ஊரில் ஒரு ஆளாகிவிட்டது.

எல்லாம் ஓர் உரமூட்டையால் வந்த வினை. போன வருஷம் மக்காச்சோளத்துக்கு உரம் வைக்கப் போனவர் மூட்டையைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. மாதக்கணக்கில் விடவில்லை. விருதுநகருக்குப் போய் ஸ்கேன் எடுத்தார். எடுத்தவர் நேரே டாக்டரிடம் காட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. வழியில் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த ஒரு புண்ணியவான் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்து, "தேய்மானம்னு போட்டிருக்கே. பாத்து சூதானமா இருந்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டான். சொன்னவனுக்கு அது பஸ்ஸிலேயே மறந்திருக்கும். கேட்டவர் அதைக் கல்வெட்டாக்கிக்கொண்டார்.

அவருக்குத் தெரிந்த தேய்மானம் செருப்புத் தேய்மானம்தான். "தேஞ்ச செருப்பு நடக்க நடக்க வளரவா செய்யும்? மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்துவோம்" என்று கட்டிலில் சாய்ந்தார். இடுப்பில் பெல்ட் ஏறியது. குனிய மாட்டார், கனம் தூக்க மாட்டார், தரையில் உட்கார மாட்டார். நாற்பத்தாறு வயது ஆள், கீழே விழுந்த துண்டை எடுக்கப் பொண்டாட்டியைக் கூப்பிடுவார். இவ்வளவு பொத்திப் பொத்தி வைத்தாரே, வலி போனதா? அதுவும் இல்லை. படுத்தாலும் வலித்தது, எழுந்தாலும் வலித்தது.

மாட்டுக்குத் தீவனம், பால் கறப்பது, தண்ணீர்க் குடம், காட்டு வேலை எல்லாம் பொண்டாட்டி அழகுமீனா தலையில் விழுந்தது. அவளும் செய்தாள். வாய் மட்டும் சும்மா இருக்காது. "ஒங்க எல் அஞ்ச வச்சுக்கிட்டு நான் படுற பாடு இருக்கே" என்று பேசிக்கொண்டே புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடப்பாள்.

இதற்கு நடுவில்தான் தங்கச்சியின் போன் வந்தது. பாண்டிலட்சுமியை எம். புதுப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தது. கல்யாணமாகி வருஷக்கணக்கில் பிள்ளை இல்லாமல் இருந்து, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற ஆண்பிள்ளை. கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். மாப்பிள்ளைக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. தீபாவளி சீசன் முடியாமல் லீவு கிடைக்காது. அதனால் தை மாதம் தேதி வைத்திருந்தார்கள்.

"அண்ணே, ஒன் மடியில வச்சுத்தான் குத்தணும். இம்புட்டு நாளா இதுக்குத்தான் காத்துக் கிடந்தேன்" என்றாள் பாண்டிலட்சுமி.

சங்கரபாண்டியன் மனசுக்குள் கணக்குப் போட்டார். பயல் கொழுகொழுவென்று அரிசிமூட்டை கனம் இருப்பான். அவனை மடியில் வைத்துக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். மொட்டை போடும்போது அவன் சும்மாவா இருப்பான்?

"தரையில உக்காரணுமேத்தா. எல் அஞ்சு தாங்காது" என்றார். "நம்ம சிவபாண்டி உக்காரட்டும். சித்தப்பா மகன்னாலும் அவனும் தாய்மாமன்தான."

"சரிண்ணே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அந்தச் 'சரி'தான் அவரைப் போட்டு அறுத்தது. தங்கச்சி தவமிருந்து பெற்ற மருமகனை இதுவரை ஒரு தடவைகூட அவர் அள்ளித் தூக்கியதில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார். சிவபாண்டியோ மறுநாளே பட்டு வேட்டி எடுத்து, அதைக் கட்டிக்கொண்டு போட்டோ பிடித்து, 'தாய்மாமன்' என்று ஸ்டேட்டஸும் வைத்துவிட்டான்.

அந்த வாரத்தில் அழகுமீனாவுக்கு விலாவில் சுருக்கென்று வலி வந்தது. துடித்துப்போனாள். ஆஸ்பத்திரியில் வயிற்றைச் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டு, சின்னக் கல், தண்ணீர் நிறையக் குடித்தால் தானாக வந்துவிடும் என்று அனுப்பினார்கள். சொன்னபடியே கல்லும் வந்துவிட்டது. ஆனால் ரிப்போர்ட் சங்கரபாண்டியன் கையில் சிக்கிவிட்டது.

அவருக்கு இங்கிலீஷ் ஒன்றும் பெரிதாக வராது. வருகிற சொற்களெல்லாம் அவருடைய ரிப்போர்ட்டில் இருக்கிற சொற்கள்தான், அவை மனப்பாடம். கிட்னி, கல் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி வரிக்கு வந்தவருக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. எல் நாலு. எல் அஞ்சு. டிஸ்க். டிஜெனரேஷன் என்ற அந்தத் தேய்மானம். அவருக்குப் போட்டிருந்ததெல்லாம் இவளுக்கும் போட்டிருந்தது. அதற்கு மேலும் ஒரு சொல் இருந்தது. அதைப் போனில் தட்டிப் பார்த்தார். ஒரு எலும்பு இன்னொரு எலும்பின் மேல் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று வந்தது.

"கல்லு எம்புட்டுப் பெருசுன்னு போட்டிருக்கு?" என்று கேட்டாள் அழகுமீனா.

"கல்லு கிடக்கட்டும். நீ செத்த உக்காரு" என்றார்.

அவளிடம் சொல்லவில்லை. ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுக் கட்டிலில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பயம் இவளுக்கு வரக்கூடாது. ஆனால் ஒன்றில் தெளிவாக இருந்தார்: இவள் இனிமேல் கனம் தூக்கக்கூடாது. வேறு யார் தூக்குவது? என்னுடையதுதான் எப்படியும் போய்விட்டது, போனால் போகட்டும், இவளுடையது தப்பட்டும் என்று பெல்ட்டை இறுக்கிக்கொண்டு குடத்தைத் தூக்கினார்.

முதல் நாள் உயிர் போய் உயிர் வந்தது. பால் கறக்க உட்கார்ந்தார். புது ஆளைப் பார்த்து மாடு விட்ட உதையில் செம்பு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அழகுமீனா ஓடிவந்து, "ஒங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்றாள். "நீ போய் ரெஸ்ட் எடு" என்றார் தொழுவத்தில் கிடந்தபடியே. கல்யாணமானதிலிருந்து அந்தச் சொல்லை அவள் அவர் வாயால் கேட்டதில்லை. கல்லோடு சேர்த்து வேறு ஏதோ பெரிய வியாதி, அதை மறைக்கிறார் என்று அவளுக்கும் கலக்கம் பிடித்தது.

நாளாக நாளாக, புல்லுக்கட்டு சின்னதிலிருந்து பெரிதானது. பெல்ட் வியர்வையில் அரிக்கிறது என்று கழற்றிக் கொடியில் போட்டவர் திரும்ப மாட்ட மறந்துபோனார். காட்டில் மக்காச்சோளத்துக்குக் களை எடுத்தார். "மாமா, எல் அஞ்சு எங்க, ஊருக்குப் போயிருக்கா?" என்று பயல்கள் கேட்டார்கள். பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. வலி இருந்ததா என்றால், இருந்தது. அதைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை.

தை பிறப்பதற்குச் சில நாள் முன்னால், இனி மனசு தாங்காது என்று அழகுமீனாவை விருதுநகருக்குக் கூட்டிப்போனார், எலும்பு டாக்டர் சினேகாவிடம். சின்ன வயதுப் பெண், சிரித்த முகம். இரண்டு பேருடைய படங்களையும் மேஜையில் வைத்து, "என் பொண்டாட்டிய எப்படியாவது காப்பாத்திருங்க" என்றார். அழகுமீனா ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

டாக்டர் படங்களைப் பார்த்தார். "உங்களுக்கு முதுகு எவ்வளவு நாளா வலிக்குதும்மா?"

"முதுகா? எனக்கு எங்க வலிக்குது? இவுகளுக்குத்தான் வலி."

கால் மரத்துப்போகிறதா, தடுமாறுகிறதா, நீர் போவதில் சிரமம் உண்டா என்றெல்லாம் இரண்டு பேரிடமும் கேட்டார். எதுவும் இல்லை. குனியச் சொன்னார். அழகுமீனா சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் பதித்தாள். அப்படியே தலையைத் திருப்பி, "போதுமாம்மா?" என்று வேறு கேட்டாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "படத்தை மட்டும் பார்த்தா இவங்கதான் கட்டில்ல படுத்திருக்கணும்."

"அதைத்தான நானும் சொல்றேன்" என்றார் சங்கரபாண்டியன்.

"அண்ணே, தலை நரைச்சா தலைவலி வரும்னு யாராவது சொல்லுவாங்களா? இதுவும் அந்த மாதிரிதான். உங்க வயசுல ஒரு வலியும் இல்லாத ஆளுகளை வரிசையா நிக்க வச்சுப் படம் எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல இப்படித்தான் இருக்கும்."

"அப்ப நான் வலி வலின்னு கிடந்ததெல்லாம் பொய்யா?" சங்கரபாண்டியனுக்கு முகம் சிறுத்துவிட்டது. அந்தக் கேள்வியில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

"வலி நிஜம்ணே. அதைப் பொய்னு யாரும் சொல்லக்கூடாது. ஆனா எம்புட்டு வலிக்கும்னு இந்தப் படத்துல எழுதியிருக்காது. வேற கெடுதல் இருக்கான்னு பார்த்தேன், ஒன்னும் இல்ல. நீங்க பயந்து படுத்ததுல சதையெல்லாம் மரக்கட்டையாகி, அதுவும் சேர்ந்து வலிச்சிருக்கு. இப்ப எப்படி இருக்கு?"

இப்போது எப்படி இருக்கிறது என்று யோசித்தார். பதிலுக்கு முந்திக்கொண்டாள் அழகுமீனா: "இப்பவா? ரெண்டு மாசமா என்னை ஒரு செம்புத் தண்ணி தூக்க விடலம்மா. அம்புட்டும் இவுகதான்." சொல்லும்போதே விஷயம் அவளுக்கு விளங்கிவிட்டது. எதற்காக அந்த மனுஷன் மாட்டிடம் உதை வாங்கினார் என்று தெரிந்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. பஸ் ஸ்டாண்டு வந்து சேரும்வரை அவள் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை.

டாக்டர் சொன்னது அவர் புத்திக்கு ஏறிவிட்டது. இடுப்புக்கு ஏற வேண்டுமே? தங்கச்சிக்குப் போன் போட நினைப்பார்; நடுவில் பிடித்துக்கொண்டால் சபையில் அசிங்கமாகிவிடுமே என்று வைத்துவிடுவார். சிவபாண்டி வேட்டி வேறு எடுத்துவிட்டான். இப்படியே நாள் ஓடி, காதுகுத்து நாளும் வந்துவிட்டது.

இருக்கன்குடியில் கூட்டம் நெரிந்தது. ஆற்று மணலில் ஜமுக்காளம் விரித்து, ஒரு பக்கம் பொங்கல் பானை, ஒரு பக்கம் கிடா, நடுவில் சொந்தபந்தம். கத்தியைத் தீட்டிக்கொண்டே நாவிதர், "தாய்மாமன் வந்து உக்காருங்க" என்று குரல் கொடுத்தார். சிவபாண்டி பட்டு வேட்டி சரசரக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பாண்டிலட்சுமி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிள்ளையைக் கொடுக்க வேண்டியதுதான். கொடுக்காமல், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அண்ணனையே பார்த்தாள். கூப்பிடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

சங்கரபாண்டியன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "ஏலே சிவபாண்டி, எந்திரி."

"அண்ணே, ஒங்க எல் அஞ்சு..."

"அது என்கிட்ட இருக்கட்டும்லே. நீ எந்திரி."

சிவபாண்டி முனகிக்கொண்டே எழுந்தான். சங்கரபாண்டியன் மெதுவாகக் குனிந்து, ஒரு கையை மணலில் ஊன்றி உட்கார்ந்தார். கால்களை மடக்கிச் சம்மணம் போடும்போது இடுப்பில் சுரீரென்று இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். பாண்டிலட்சுமி அதைப் பார்த்துவிட்டாள். பிள்ளையோடு பக்கத்தில் குனிந்தாள்.

"வலிக்குதாண்ணே?"

"ஆமாத்தா, வலிக்குது" என்றார் சங்கரபாண்டியன். "நீ பிள்ளையக் குடு."