கன்னத்தில் ஒதுக்கிய கஞ்சி

…முழுங்கும்மா, முழுங்கு, வாயில் வைத்துக்கொண்டு அப்படி என்ன யோசனை, மணி ஏழே முக்கால், எட்டு அடித்தால் கம்பெனி வேன் முக்கில் நின்று ஹாரன் அடிப்பான், இன்னும் இரண்டாவது கரண்டியே உள்ளே போகவில்லை, இடது கன்னம் மட்டும் கொழுக்கட்டையை ஒதுக்கியது போல உப்பிக்கிடக்கிறது. தொண்டையைத் தடவிக்கொடுத்தாயிற்று, இப்படி, இந்தா பார் இப்படி என்று வெறும் எச்சிலை நானே விழுங்கிக் காட்டியாயிற்று, அம்மா என் தொண்டை ஏறி இறங்குவதை வேடிக்கை பார்க்கிறாள். விழுங்குவதுகூட மறந்துபோகுமா ஒருத்திக்கு? டாக்டர் அப்படித்தான் சொன்னார், மறதி முற்றினால் இதுவும் மறக்குமாம், இனி அதிக நாள் இல்லை, முடிந்தமட்டும் கஞ்சி கொடுங்க என்றார். கொடுங்க என்று சொல்ல அவருக்கென்ன… கதவைப் பூட்டிப்போட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறவள் நான்தானே. மத்தியானம் பக்கத்து வீட்டு ரோஜா அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள், மூச்சு இருக்கிறதா என்று.

போன மாசம் வரைக்கும் திட்டிக்கொண்டாவது இருந்தாள், "ஏ களவாணிச் சிறுக்கி, எங்கன ஒளிச்சு வச்ச என் சேலைய" என்று தெருவுக்கே கேட்கும், பெற்ற மகளைப் பார்த்து. அப்போது இந்த வாய் மூடாதா என்று இருந்தது, இப்போது மூடிக்கொண்டாள், எனக்கு எதில்தான் ஒத்துவந்திருக்கிறாள் இவள்… அண்ணன் மாரிக்கண்ணன் இருப்பது நாரணாபுரத்தில், சைக்கிள் மிதித்தால் அரை மணி நேரம், பட்டாசு ஆபீஸில் போர்மேன். நேற்று காலையில் போன் பண்ணினால், "தீபாவளிக்கு ஒரு மாசந்தான பிள்ள கெடக்கு, லோடு நிக்காம போய்க்கிட்டு இருக்கு, அதுவரைக்கும் எப்படியாச்சும் இழுத்துப் பிடிச்சிரு, இப்ப எதுவும் ஆச்சுன்னா கொள்ளி வைக்கக்கூட லீவு தர மாட்டாக" என்கிறான். எனக்கு வந்ததே கோபம், "நாள் பாத்துச் சாவச் சொல்றியாண்ணே, நீயே வந்து அவ காதுல சொல்லு" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். பெற்ற தாய்க்குச் சீசன் பார்க்கிறான், இவனெல்லாம் மனுசனா என்று வேனில் வந்த அத்தனை பேரிடமும் சொல்லி ஆற்றிக்கொண்டேன்.

அப்புறம் கம்பெனிக்குப் போய் நான் செய்தது என்ன? அடுத்த வருஷத்துக் காலண்டர் தேதிக்கட்டை அட்டையில் வைத்துப் பின் அடிப்பதுதான் என் வேலை, புரட்டாசி இப்போதுதான் பிறந்திருக்கிறது, என் கையில் இரண்டாயிரத்து ஏழு முழுக்க ஓடி முடிந்துவிடுகிறது. ஒரு கட்டை எடுத்துப் புரட்டினேன்… பொங்கல் கழிந்தால் வேலை குறைந்துவிடும், லீவு கேட்டால் தருவார்கள், பதினாறாம் நாள் காரியம் ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் எல்லாரும் வர வசதி, ஆனால் அதற்கு அம்மா சனிக்கிழமை போக வேண்டும், சனி ஆகாது, துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போகும், இவள் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவாள் என்று வெள்ளிக்கு மாற்றினேன். தை ஐந்து, வெள்ளி. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன், சூப்பர்வைசர் சின்னச்சாமி பின்னால் வந்து நின்று, "என்ன பத்திரகாளி, யாரு வீட்டு விசேஷத்துக்கு நாள் பாக்குறீக?" என்று சிரிக்கிறார். "அண்ணன் மகளுக்குச் சடங்குண்ணே" என்றேன், வாய் கூசாமல். அண்ணனைத் திட்டிய அதே வாய், அதே நாள்.

ஹாரன் அடித்துவிட்டான். இன்றைக்கும் லேட்டானால் ஆளை மாற்றிவிடுவார்கள், சீசன் நேரம், வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். "யம்மா, உன் கால்ல விழுறேன், முழுங்கித் தொல" என்று தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன், ஐயோ, எலும்புதான் கையில் தட்டியது, கஞ்சி கொஞ்சம் மோவாயில் வழிந்தது, துடைக்கப் போனேன், அப்போது அவள் தொண்டை அசைந்தது, மெதுவாக ஏறியது, இறங்கியது. முழுங்கிவிட்டாள். கன்னம் ஒட்டிவிட்டது. நாலு நாளாகக் கெஞ்சியது இதற்குத்தானே, சந்தோஷம் வர வேண்டுமே, எங்கே… அடச்சே, இன்னும் இருக்கப்போகிறாளா என்றுதான் வந்தது, சத்தியமாக அதே வார்த்தையில். அண்ணனாவது ஒரு மாசம் கொடுத்தான், நேற்று நானும் தை வரைக்கும் கொடுத்தேன், இன்றைக்கு அதுவும் இல்லையே. வேன்காரன் மறுபடியும் அடிக்கிறான். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருக்கிறாள், இத்தனை நாளில் முதல் தடவையாக, தானாக. கரண்டியில் கஞ்சி இருக்கிறது, கை ஏன் போக மாட்டேன் என்கிறது?